ஈரத்துணி அண்ணாச்சியும் நிற்கிற காரும்

மும்பையில் ஓடிய கார்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். நின்ற கார்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஈரத்துணி அண்ணாச்சியை விட்டுவிட்டு ஒரு வரி எழுத முடியாது. சயான் சிக்னல், சுனாபட்டி மேம்பாலம், மான்கூர்டு திருப்பம் என்று எங்கெல்லாம் வண்டியை நிறுத்தக் கூடாதென்று பலகை வைத்திருக்கிறார்களோ அங்கெல்லாம் அவருடைய கார் நின்றிருக்கிறது. அந்தப் பலகைகளையே அவருக்காகத்தான் வைத்தார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அண்ணாச்சிக்குச் செம்பூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய நிஜப் பெயர் கடைப் பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது, ஒருவரும் வாசித்ததில்லை. ஒரு காலத்தில் ஊரெல்லாம் ஓடிய கறுப்பு மஞ்சள் டாக்ஸி இருக்கிறதே, அதே சாடையில் சொந்தமாக ஒரு கார் வைத்திருந்தார். வாங்கிய நாளில் அது கிரீம் கலர். நான் பார்க்கத் தொடங்கியபோது மல்லிப்பொடி கலருக்கு வந்திருந்தது. கதவைத் திறந்தால் பெருங்காய வாசம் முதலில் இறங்கும், பிறகுதான் ஆள் இறங்குவார்.

வண்டி கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. கொஞ்ச தூரம் ராஜா மாதிரி போகும். அப்புறம் இரண்டு இருமல், ஒரு குலுக்கல், அவ்வளவுதான். பின்னால் வருகிறவன் ஹாரனைப் போட்டு அலற, அண்ணாச்சி பதறாமல் இறங்குவார். வேட்டியை மடித்துக் கட்டுவார். பானெட்டைத் தூக்கி, ஒரு பழைய துண்டைத் தண்ணீரில் நனைத்து, பெட்ரோல் பம்பின் மேல் பக்குவமாகப் போர்த்துவார். பெட்ரோல் சூடாகி ஆவியாகிறது, ஆவி போய்க் குழாயை அடைக்கிறது, அதனால் நெற்றியில் பற்றுப் போட்டது போல் குளிர்த்த வேண்டும் என்பது அவர் சித்தாந்தம்.

துணி குளிர்த்துகிற நேரத்தில் சும்மா இருக்க மாட்டார். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அளவு காட்டுகிற முள் எப்போதோ பாதி டேங்கில் உயிரை விட்டிருந்தது. ஆகவே பின்பக்கம் போய், சின்னத் தகட்டுக் கதவைத் திறந்து, உள்ளே இருக்கிற மூடியைத் திருகி எடுத்து, மூங்கில் குச்சியை விட்டுப் பார்ப்பார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மூடுவார். வந்து சாவியைத் திருகினால் வண்டி ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பிவிடும். பேரெல்லாம் ஈரத்துணிக்குப் போகும்.

அந்தத் துணியின் மேல் அவருக்கு வந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. என் செல்போன் சூடாகிறது என்று ஒருநாள் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். அவர் என்ன வைத்தியம் செய்தார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த போன் அதற்குப் பிறகு சூடாகவே இல்லை.

கார் விஷயத்தில் அவர் மெக்கானிக்கிடம் போகாமலும் இல்லை. குர்லாவில் ஒருவர், தாராவியில் ஒருவர், சீத்தா கேம்ப்பில் ஒருவர் என்று ஊரிலுள்ள கைராசிக்காரர்கள் எல்லோரிடமும் காட்டினார். எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள். “கச்ரா ஆயா, சேட்.” பெட்ரோலில் குப்பை வந்து அடைக்கிறதாம். மளிகைக் கடைக்காரரிடம் போய் உன் சாமானில் குப்பை என்று சொன்னால் அவர் சும்மா இருப்பாரா? அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. அரிசியைப் புடைக்கத் தெரிந்தவனுக்குப் பெட்ரோலை வடிக்கத் தெரியாதா என்று மல்துணியில் பெட்ரோலை வடிகட்டி ஊற்றினார். கார்புரேட்டரின் ஊசித் துளைகளை ஈர்க்குச்சியால் குத்தினார். அந்த வாரம் கடைக்குப் போனவர்களுக்கு உளுத்தம்பருப்பில் பெட்ரோல் வாசம் அடித்தது.

பம்பை மாற்றினார். குழாயை மாற்றினார். வண்டி எதையும் கண்டுகொள்ளவில்லை, நிற்கிற இடத்தில் நின்றது.

அப்புறம்தான் பெட்ரோலில் எத்தனால் கலக்கிற செய்தி வந்தது. பழைய வண்டிகளின் ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி ஜென்மத்தில் ஒரு சொட்டு தொடாதவர். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் குடித்திருந்தால் இலையோடு எழுந்து வேறு வரிசைக்குப் போகிறவர். அவர் இடிந்து போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

“சரக்க ஊத்திவிட்டுட்டானுவ வே. நானே தொடாத சாமான என் வண்டி குடிக்கி. பின்ன ரோட்டுல நிக்காம என்ன செய்யும்?”

பெட்ரோல் பங்கில் போய், தமக்குத் தெரிந்த இந்தியில், “பையா, பினா தாருவாலா தேனா” என்று கேட்டார். சாராயம் கலக்காததாகக் கொடு என்று அர்த்தம். அங்கிருந்தவன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யார் குடித்திருக்கிறார்கள் என்று உறுதி செய்துகொள்ள ஒரு எட்டு முன்னால் வந்து முகர்ந்தான். அண்ணாச்சி அந்தப் பங்கு இருக்கிற திசைக்கே பிறகு போகவில்லை.

இதற்கெல்லாம் சிகரம் குளுக்கோஸ் வைத்தியம். ஒரு கேனில் பெட்ரோலை நிரப்பிக் கூரை மேல் கட்டி, அதிலிருந்து ஒரு டியூபை நேரே என்ஜினுக்கு இறக்கிவிட்டார். டேங்கும் வேண்டாம், பம்பும் வேண்டாம், தானாக இறங்கும். பார்த்தவர்கள் எல்லோரும் காருக்கு என்ன உடம்பு என்று விசாரித்தார்கள். சயானில் டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி இது என்ன கூத்து என்று கேட்க, அண்ணாச்சி பயபக்தியோடு “பேஷண்ட் ஹை, சாப்” என்றார். போலீஸ்காரர் சிரித்து முடித்துவிட்டு, தலைக்கு மேல் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஊர்சுற்றினால் நீதான் பேஷண்ட் ஆவாய் என்று கேனை அவிழ்க்க வைத்தார். ஆனால் ஒன்று, கேன் இருந்த வரை வண்டி தானாக ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு எங்களில் ஒருவராவது யோசித்திருந்தால் இந்தக் கட்டுரையை இந்த இடத்திலேயே முடித்திருக்கலாம்.

அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் மதினி என்று கூப்பிடுவோம். இப்படி ஊரெல்லாம் நின்ற அத்தனை தடவையும் முன் சீட்டில் இருந்தது மதினிதான். அவர் திடீரென்று ஒரு காய்ச்சலில் போனபிறகு அண்ணாச்சி பாதி ஆளாகிவிட்டார். கடை மூடியிருக்கிற மத்தியான நேரத்தில், நிழலில் நிறுத்திய காருக்குள் போய் உட்கார்ந்திருப்பார். வண்டியைக் கிளப்ப மாட்டார். சும்மா உட்கார்ந்திருப்பார்.

அவர்களுக்கு ஒரே மகள், செல்வி. கல்யாணமாகி சான்பாடாவில் இருந்தாள், வங்கியில் வேலை. அப்பாவின் கார் எங்கே நின்றாலும் அவளுக்கு எப்படியாவது தகவல் போய்விடும். மான்கூர்டு பக்கம் ஒருநாள் அண்ணாச்சி பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது ஒரு லாரி உரசிக்கொண்டு போய்க் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டது. அன்று சாயங்காலமே செல்வி செம்பூருக்கு வந்து இறங்கினாள். நானும் கடையில் இருந்தேன்.

“அப்பா, பஸ், போதும். அம்மாதான் போயிட்டா. அடுத்தது லாரிக்காரன் அடிச்சுட்டுப் போயிட்டான்னு எனக்கு ஒரு போன் வரணுமா? நம்ம வீட்லேர்ந்து சான்பாடா வரைக்கும் ஒரே ஒரு தடவை நிக்காம ஓட்டிக் காமிங்க, அப்புறம் நான் வாயே திறக்கல. நடுவுல நின்னுச்சு, அன்னிக்கே பங்கார்.”

பங்கார் என்றால் மும்பைத் தமிழில் காயலான் கடை. அண்ணாச்சி துவரம்பருப்பு மூட்டையில் கையை விட்டபடி நின்றார். கடைசியில் சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை பரீட்சைக்கு நான் சாட்சியாக வரவேண்டுமாம். பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்பதால் நான் சொன்னால் மருமகன் நம்புவார் என்று காரணமும் சொன்னார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதாலேயே என் வீட்டில் என்னை யாரும் நம்புவதில்லை என்பது அவருக்குத் தெரியாது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அவ உக்காந்த சீட்டு வே அது. வண்டி போயிட்டுன்னா நான் எங்கன போயி உக்காருவேன்?”

ஞாயிறு வந்தது. செல்வி ரயிலில் செம்பூருக்கு வந்து, பெற்ற அப்பாவைப் பரீட்சிக்கிற சங்கடத்தோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால், ஒரு சீரகச் சாக்குக்குப் பக்கத்தில். அண்ணாச்சி ஈரத்துணியோடு நிற்கவில்லை. மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி, சாக்கில் சுற்றிப் பம்பின் மேல் கட்டியிருந்தார். அந்த ஐஸ் அதற்கு முன் பொம்பில் மீனோடு குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும். பெருங்காயமும் பொம்பிலுமாக நாங்கள் கிளம்பினோம். பேசினால் வண்டி நின்றுவிடும் என்பது போல அண்ணாச்சி வாயை இறுக மூடியிருந்தார்.

சான்பாடாவில் மருமகன் துர்பேயிலிருந்து ஒரு பங்கார்காரரை வரச்சொல்லிக் காத்திருந்தார். வழியில் நின்றிருந்தால் வண்டி தானே ஓடிப்போய்த் தன் கழுத்தை நீட்ட வேண்டும், அதுதான் ஏற்பாடு.

தேவ்னார் தாண்டியது. மான்கூர்டு தாண்டியது. அண்ணாச்சியின் முதுகு சீட்டில் சாயவே இல்லை. கடற்கழி மேல் போகிற வாஷிப் பாலம் கண்ணில் பட்டபோது, தாண்டிவிடும் என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்தது. அப்போது வண்டி இரண்டு முறை இருமியது. ஒரு குலுக்கு குலுக்கியது. அண்ணாச்சி எப்படியோ ஓரங்கட்டினார். நின்றுவிட்டது.

ஐஸ் உருகி ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதும் உடனே இறங்கி வேட்டியை மடிக்கிற மனிதர் அன்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். அவரைப் பார்க்க முடியாமல் செல்வியே இறங்கினாள். முதலில் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்போம் என்று குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் போனேன். மூடியை அவள் திருகியதும் ‘உஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வந்தது. இத்தனை வருஷம் ரோட்டுச் சத்தத்தில் யாரும் காதில் வாங்காத சத்தம்.

செல்வி மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கடையில் வளர்ந்த பெண் அல்லவா, அப்பாவை இறங்கி வரச்சொன்னாள்.

“அப்பா, எண்ணெய் டின்னுல ரெண்டு ஓட்டை போடுவீங்கல்லா? ஒண்ணு எண்ணெய் வர, ஒண்ணு காத்து போக. ஒரு ஓட்டைதான் போட்டா எண்ணெய் இறங்காது, நின்னுரும்னு எனக்கு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க. இந்த மூடியில காத்து போற ஓட்டை எங்க?”

அண்ணாச்சி குனிந்து மூடியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் டின்னுக்கு இரண்டு ஓட்டை போட்ட மனிதர். கூரையில் கட்டிய கேனுக்கும் அவரே இரண்டு ஓட்டை போட்டிருந்தார். அதனால்தான் அன்றைக்கு வண்டி நிற்கவில்லை. டேங்கைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை. காற்று உள்ளே போகாததால் பெட்ரோல் வெளியே வர மறுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குச்சி விட்டுப் பார்க்க மூடியைத் திறந்தாரே, அப்போது காற்று போயிருக்கிறது. புண்ணியம் ஈரத்துணிக்குப் போயிருக்கிறது.

ஓட்டை இருந்தது. மூடியின் நட்டநடுவில், கெட்டியாக ஏதோ அப்பியிருந்தது. செல்வி நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. மூக்கின் அருகே கொண்டுபோனவள், சுரண்டுவதைச் சட்டென்று நிறுத்தினாள்.

சந்தனம். அதன் மேல் கறுத்துப்போன குங்குமம். அதன் கீழே முந்தின வருஷத்துச் சந்தனம், அதற்கும் கீழே அதற்கு முந்தைய வருஷத்துடையது.

ஆயுத பூஜைக்கு மதினி வண்டி முழுக்கப் பொட்டு வைப்பார். ஸ்டியரிங்கில், சக்கரத்தில், பானெட்டில் வைத்ததெல்லாம் மழையிலும் துடைப்பிலும் போய்விடும். தகட்டுக் கதவுக்குள் இருந்ததால் இது மட்டும் வருஷத்துக்கு வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகத் தங்கிவிட்டது. “அதுதான வண்டிக்கு வாயி, வாய்க்குப் பொட்டு வைக்காம எப்பிடின்னு அம்மா சொல்லுவா” என்று செல்வி மெல்லச் சொன்னாள்.

லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அண்ணாச்சி கையை நீட்டி மூடியை வாங்கிக்கொண்டார். பெருவிரலால் அந்தப் பொட்டைத் தொட்டுப் பார்த்தார்.

“அவ சேலையெல்லாம் நீ கொண்டு போயிட்ட. பாத்திரத்தயெல்லாம் நானே தேய்ச்சுத் தேய்ச்சு அவ கை பட்ட தடம் போயிட்டு. இது ஒண்ணு இருந்திருக்கு, எனக்குத் தெரியாம போச்சே ஏட்டி.”

மூடியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு அவரே தொடர்ந்தார். “கடைக்கு வாறவங்கிட்டயெல்லாம் வாய் கிழியப் பேசுதீரு, எங்கிட்டப் பேசணும்னா வண்டி நிக்க வேண்டியிருக்குன்னு சொல்லுவா. இங்கனதான், இந்தத் திட்டுலதான் உக்காந்து முறுக்கு திம்போம். ஒருவேள தெரிஞ்சேதான் வச்சிருப்பாளோ?”

செல்வி அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள். புது மூடி ஒன்று வாங்கினால் போச்சு என்று சொல்ல நான் வாயெடுத்தேன். இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன்.

“நீ சுரண்டிரு” என்றார் அண்ணாச்சி. “வண்டி ஓடணும்லா. நிக்காம ஓட்டிக் காட்டுதேன்னு உனக்கு வாக்கு குடுத்துருக்கேன்.”

செல்வி மூடியை அவர் கையிலிருந்து வாங்கி, சுரண்டவில்லை, தன் துப்பட்டா நுனியால் பூப்போல அதன் மேல் தூசியைத் துடைத்தாள். அதை இருந்தபடியே இருந்த இடத்தில் வைத்துத் திருகினாள். பிறகு பையிலிருந்து ஃபர்சாண் என்கிற காரத் தீனிப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்துக்கொண்டு அந்தத் திட்டில் உட்கார்ந்தாள். அண்ணாச்சியும் உட்கார்ந்தார். அம்மாவைப் பற்றி அப்பாவும் மகளும் அதுவரை பேசியதே இல்லையாம். இரண்டு பேரும் அடுத்தவர் அழுதுவிடுவாரோ என்று பயந்து பேசாமலே இருந்திருக்கிறார்கள். அன்று எல்லாவற்றையும் பேசினார்கள். நான் காருக்கு இந்தப் பக்கம் நின்று, கவனிக்காதது போலப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு ரயில் போனது, இன்னொரு ரயில் வந்தது.

சான்பாடா போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கேட்டில் மருமகனும் பங்கார்காரரும் நின்றிருந்தார்கள். பங்கார்காரர் வந்ததும் வராததுமாக வண்டியைச் சுற்றிவந்து தகட்டைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அண்ணாச்சி சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கினார், கொடுத்துவிடத் தயாராக. மருமகன் மனைவியிடம்தான் கேட்டார், எங்கேயாவது நின்றதா என்று.

“இல்லையே” என்றாள் செல்வி.

அப்படியானால் ஏன் இவ்வளவு நேரம் என்றார் மருமகன்.

“டிராஃபிக்.”

அவர் சந்தேகத்தோடு சாட்சியின் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வாஷிப் பாலத்தில் அவ்வளவு டிராஃபிக் இருக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வாரா வாரம் எத்தனையோ அளந்துவிட்டிருக்கிறேன். அவ்வளவு சந்தோஷமாக எதையும் அளந்ததில்லை. “ஒரு இடத்துலயும் நிக்கலை மாப்பிள்ளை” என்றேன். பங்கார்காரருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தோம். அண்ணாச்சி பானெட்டைத் திறந்து, சாக்கை அவிழ்த்து, அந்த மீன் நாற்றம் அடிக்கிற ஈரத்தாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கல்யாணுக்குக் குடிபெயர்ந்து வெகுநாளாயிற்று. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது, எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வதோடு சரி. ஒரு மனிதரோடு நின்று பேச வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று நிற்க வேண்டியிருக்கிறது. இங்கே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. காரை இப்போது செல்வி வைத்திருக்கிறாள். மாதத்துக்கு ஒரு தடவை கடையைப் பார்க்க அதில்தான் செம்பூருக்கு வருகிறாள். ஆயுத பூஜைக்குச் சந்தனத்தை எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

போன ஞாயிறு காலை அவளிடமிருந்து போன். “அண்ணே, பாலத்துக்கிட்ட வண்டி நின்னுட்டு. சும்மாதான் கூப்பிட்டேன். பேசலாம்லா?”

ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மூடியைத் திறந்து விடும்மா என்று சொல்ல எனக்கு மனசே வரவில்லை.